ஒரே சமையல்தானா?

கேட்டு முடிக்கும்வரை அவள் யார் வீட்டிலும் காப்பி குடிக்க மாட்டாள். முதல் நாள் நான் டம்ளரை நீட்டியபோது, "இப்ப வேண்டாம்க்கா. குடிச்சிட்டேன்னா அப்புறம் உங்ககிட்ட கேக்கக் கூச்சமா இருக்கும்" என்றாள். ஏதோ மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்கிற கேள்விகளைக் கேட்ட பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது.

தென்காசியில் எங்கள் தெருவுக்கு அரசாங்கக் கணக்கெடுப்புக்காக வந்தவள். மக்கள்தொகைக் கணக்கு எடுப்பார்களே, அது இல்லை. இது சில தெருக்களை மட்டும் எடுத்து, அதில் சில வீடுகளை மட்டும் பொறுக்கி, யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை, குடும்பம் எப்படி ஓடுகிறது என்று கேட்கிற கணக்கு. அதே வீடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திரும்ப வருவார்கள். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ராயகிரிப் பக்கத்துக்காரி. கழுத்தில் அடையாள அட்டை, கையில் சிலேட்டு மாதிரி ஒரு கருவி. சாரலில் தன் தலை நனைந்தாலும் அது நனையாமல் துப்பட்டாவைச் சுற்றி வைத்திருப்பாள்.

நான் பத்தாவது வரை படித்தவள். வலியப் போய் யாரிடமும் பேசுகிற ஆள் இல்லை. முக்குக் கடை அண்ணாச்சிதான் என்னை மாட்டிவிட்டார். புது ஆள் தட்டினால் தெருவில் யாரும் கதவைத் திறக்கவில்லை என்று அவள் போய் அவரிடம் நின்றிருக்கிறாள். "அந்தப் பச்சைக் கேட்டு வீட்டம்மா சும்மாதான் இருப்பாவ. கூட்டிட்டுப் போங்க. அவுகளைப் பாத்தா எல்லாரும் தொறப்பாவ" என்று என் வீட்டைக் காட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் கிடையாது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவளுக்கு ஒரு குணம். ஒரு சொல்லை நாம் சொன்னால் அதை அப்படியே வாங்கிப் போட்டுக்கொள்ள மாட்டாள். "அது உங்க அர்த்தம்க்கா. நான் கேக்குதது வேற. நான் சொல்லுதேன், கேட்டுட்டு ஆமாவா இல்லையான்னு சொல்லுங்க" என்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி, அந்தச் சொல்லுக்கு அரசாங்கத்தில் என்ன அர்த்தமோ அதைச் சொல்வாள். வேலை என்றால் என்ன, வேலை இல்லாதவர் என்றால் யார், குடும்பம் என்றால் எது. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு வரி இருந்தது. நாங்கள் அன்றாடம் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிற சொற்கள்தான். அவள் கண்ணை மூடிச் சொன்னால் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும்.

எதிர்வீட்டு மதினியிடம்தான் முதல் சண்டை வந்தது. "வீட்டுல எத்தனை பேரு?" என்றதற்கு மதினி, "அஞ்சு. மூத்தவன் துபாய்ல இருக்கான்" என்றாள்.

"எப்ப போனாரு?"

"அது ஆச்சு, மூணு வருஷம். போன தீவாளிக்கு வந்துட்டுப் போனான்."

"அப்ப நாலு பேருதான் ஆச்சி. ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா இந்தக் குடும்பத்துல வர மாட்டாங்க."

மதினி தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். "என்னட்டி சொல்லுத? பெத்த பிள்ளைய என் வீட்டுலயே இல்லங்குதியா? இந்த வீடே அவன் காசுல நிக்குது. அதோட, யாருட்டி ஆச்சி? எனக்கு அம்பதுகூட ஆவல."

"உங்க பிள்ளை இல்லைன்னு யாரு சொன்னா? கணக்குக் குடும்பத்துல இல்ல. அவ்வளவுதான் மதினி."

"கணக்குக் குடும்பம்! ஒன் கணக்கைக் கொண்டுபோய்க் குத்தாலத்துல முக்கு."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் ஐந்து என்று எழுதவில்லை. நாங்கள் நகர்ந்த பிறகும் மதினியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் அவளே தனியாகப் போய், அந்தப் பையனின் படங்களையெல்லாம் மதினி செல்போனில் காட்டக் காட்ட அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாளாம். பார்த்துவிட்டு, "நல்ல பிள்ளை. நாலுதான் மதினி" என்று சொல்லிவிட்டு எழுந்தாளாம். மதினியே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் வீடு வீடாக அவள் கேட்ட இன்னொரு கேள்வி இருந்தது. குடும்பம் என்றால், வழக்கமாகச் சேர்ந்து இருந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். கூரை ஒன்றாக இருந்தால் போதாது, ரத்தம் ஒன்றாக இருந்தாலும் போதாது. அதனால் ஒவ்வொரு வாசலிலும், "எல்லாரும் ஒரே சமையல்தானா?" என்று கேட்பாள். கேட்கும்போதெல்லாம் நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

என் வீட்டில் நானும் என் கணவரும் இரண்டே பேர். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். அவருக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடை. நாங்கள் ஒரே சமையலில் சாப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

காரணத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பெரிய விஷயமாக இருந்தாலாவது சொல்லலாம். மகள் வளைகாப்புப் பந்தியில் சம்பந்தி வீட்டார் எல்லாரும் இருக்கும்போது, அவர் இலையைத் தள்ளிவைத்துவிட்டு, "இவ சமையலைத் தின்னுதான் நான் இப்படி வத்திப் போனேன். நீங்களாவது எம்மகளுக்கு நல்லாச் சொல்லிக் கொடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் எப்போதும் அப்படித்தான், நாலு பேர் சிரித்தால் போதும். நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் அவருக்குத் தட்டு வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கடைக்குப் போகிற வழியில் சாப்பிட்டுக்கொண்டார். பிறகு ஒரு கரண்டு அடுப்பை வாங்கி வந்து முன்னறையில் கட்டிலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். முட்டை அவிப்பார், டீ போடுவார். ராத்திரியில் பார்டர் கடையில் புரோட்டா. யார் முதலில் இறங்குவது என்று இரண்டு பேரும் காத்திருந்ததில் வருஷம் போய்விட்டது. வெளியே ஒரு ஈக்குக்கூடத் தெரியாது. அவர் என் வீட்டு வாசலில்தான் செருப்பைக் கழற்றினார். கோயிலுக்குச் சேர்ந்துதான் போனோம்.

முதல் சுற்றில், வீடுகளைப் பொறுக்குவதற்கு முன் தெரு முழுக்கப் பதிகிறபோது, எங்கள் வாசலில் அவள் கேட்டாள்; நான் பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டு மதினி முந்திக்கொண்டாள். "இவுகள ஏன் கேக்க? ரெண்டே பேரு. ஒண்ணுமண்ணா இருக்காவ." அவள் மதினியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் தலையை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவள் ஏதோ தட்டிக்கொண்டாள்.

இடையில் ஒரு நாள் குற்றாலத்துக்கும் என்னைக் கூட்டிப்போனாள். அங்கேயும் அவளுக்குச் சில வீடுகள் இருந்தன. சீசன் முடிகிற நேரம். ஒரு வீட்டில் ஒருவர் சட்டையில்லாமல் கட்டிலில் படுத்துக்கொண்டு, "எனக்கு வேலை வெட்டி எதுவும் கிடையாது, எழுதிக்கோம்மா" என்றார். அந்த ஊரில் வேலை என்றால் சீசன் வேலைதான். கூட்டம் போய்விட்டால் வேலையும் போய்விட்டது என்றுதான் சொல்வார்கள்.

"கடந்த ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது எதாவது வேலை செஞ்சீயளா?"

"ஞாயித்துக்கிழமை அருவிக்கிட்ட ரெண்டு பேருக்கு எண்ணெய் தேச்சுவிட்டேன். அதெல்லாம் வேலையா?"

"காசு வாங்குனீயளா?"

"பின்ன ஓசிக்கா தேய்ப்பாவ?"

அவள் கண்ணை மூடிச் சொன்னாள். "ஒரு மணி நேரம் செஞ்சிருந்தாலும் அந்த வாரக் கணக்குல நீங்க வேலையில இருக்கீய."

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே பார்த்து, "ஏட்டி, கேட்டியா? எனக்கு வேலை இருக்காம். கவர்மெண்டே சொல்லுது" என்றார். உள்ளே இருந்து அவர் மனைவி, "அப்ப ராத்திரிச் சோத்தையும் கவர்மெண்டுல வாங்கிக்கோரும்" என்றாள். தெருவில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். அந்த அம்மாள் திட்டியது தன் கையால் சோறு போடுகிறவள் திட்டுகிற திட்டு. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

அவள் ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது பேச்சை மாற்றுவதற்காக, "ஒன் வீட்டுல எத்தனை பேரு பிள்ள?" என்று கேட்டேன். அவள் கழுத்தில் தாலி இருந்தது. கணவர் ராணுவத்தில், வடக்கே. பையன் ராயகிரியில் அவள் அம்மாவிடம். இங்கே மேலகரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். மூன்று என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"ஒண்ணுதான்க்கா" என்றாள்.

"அது கணக்குக்கு. நான் சும்மா கேட்டேன்."

"சும்மா கேட்டாலும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு வண்டியை முடுக்கினாள். சேர்ந்து சாப்பிட வழியில்லாமல் மூன்று ஊரில் மூன்று அடுப்பு வைத்திருக்கிறவள் முன்னால் ஓட்டுகிறாள். ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு வைத்திருக்கிறவள் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்துவிடலாமா என்று இருந்தது.

பொறுக்கிய வீடுகளில் எங்கள் வீடும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். கடை விடுமுறை என்பதால் அவரும் இருந்தார். என்ன கேட்கிறார்கள் என்று பார்க்க மதினியும் வந்து நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே சமையல்தானா அண்ணாச்சி?"

"பின்ன? ரெண்டு பேருக்கு ரெண்டு சமையல் வைக்க நான் என்ன ஜமீனா?" என்றார். மதினி சிரித்தாள்.

அவள் மற்றதையெல்லாம் கேட்டுக்கொண்டே போனாள். பிறகு என்னிடம், மாதத்துக்கு அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்றாள். யாராவது நேராகக் கேட்டால் எனக்குப் பொய் வராது, அதற்கும் ஒரு பேச்சுத்திறமை வேண்டும். உள்ளதைச் சொன்னேன். அவள் விரல் நின்றது.

"யக்கா, இது ரெண்டு பேருக்கா?"

அவர்தான், "அவ குருவி மாதிரி கொறிப்பா" என்றார்.

"நீங்க வழக்கமா ராத்திரி எங்கன சாப்பிடுவீய அண்ணாச்சி?"

"இது என்ன கேள்வி? பார்டர்ல புரோட்டா திங்காதவன் தென்காசில எவன் இருக்கான்?" என்றார். இந்தத் தடவை மதினி சிரிக்கவில்லை. மதினியின் கண் கட்டிலுக்குப் பின்னால் துண்டு போட்டு மூடியிருந்த அடுப்பின் மேல் போய் நின்றதை நான் பார்த்தேன். என் காது இரண்டும் தீயாகச் சுட்டது.

அவளும் பார்த்திருக்க வேண்டும். "மதினி, கொஞ்சம் வெளிய இருங்க. ஒரு வீட்டுல கேக்குதது இன்னொரு வீட்டுக்குத் தெரியக் கூடாது, அது சட்டம்" என்றாள். மதினி முணுமுணுத்துக்கொண்டு போனாள். அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, எங்கள் இருவரையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியைச் சொன்னாள். வழக்கமாகச் சேர்ந்து இருந்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தாம்மா, நீ கணக்கெடுக்க வந்தியா, குடும்பத்தைப் பிரிக்க வந்தியா?"

"நான் பிரிக்கல அண்ணாச்சி. ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணு, ரெண்டுன்னு சொன்னா ரெண்டு. நீங்க சொல்லுததைத்தான் எழுதுவேன். அர்த்தத்தைக் கேட்டுட்டுச் சொல்லுங்க, அவ்வளவுதான்."

என் வாயிலிருந்து எப்படி வந்ததோ, நான் கேட்டேன். "வெளியூர் போனவங்களுக்கு ஆறு மாசம்னியே பிள்ள. ஒரே வீட்டுக்குள்ள ஒரு கோவத்துல இருந்தா, அதுக்கு எத்தனை மாசம்?"

அவள் கண்ணைத் திறந்தாள். "அடுப்புக்கு மாசம் எதுவும் போடலக்கா. வழக்கமான்னுதான் போட்டிருக்கு. வழக்கம் எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வருஷத்தில் அப்படிப் பார்த்ததே இல்லை. ஒன்று என்று சொல்லேன் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு" என்றேன்.

அவள் வெளியே போய் யாரோ அதிகாரியிடம் போனில் பேசிவிட்டு வந்து, எங்களைத் தனித்தனிக் குடும்பமாக எழுதினாள். முதலில் எனக்கு. குடும்பத் தலைவர் யார் என்றாள். என் பெயரை நானே சொல்ல வேண்டியிருந்தது. ரேஷன் கார்டில் எப்படி இருந்தாலும், வீட்டுக்குள் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். எனக்குத் திருடிய பொருளைக் கையில் வைத்திருப்பதுபோல இருந்தது. பிறகு அவரிடம், "உங்க குடும்பத்துல எத்தனை பேரு அண்ணாச்சி?" என்றாள். வாய் ஓயாத மனுஷன், "ஒண்ணு" என்று சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

முடித்ததும் காப்பி கொண்டு வந்தேன். பழக்கத்தில் அவளுக்கு மட்டும் ஒரு டம்ளர். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியில் ஆடை படிகிறது, அவள் தொடவில்லை. நான் உள்ளே போய் இன்னொரு டம்ளர் எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தேன். அப்புறம்தான் அவள் குடித்தாள்.

அடுத்த தடவை அவள் வருகிற தேதியைப் போனில் சொல்லியிருந்தாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் கத்திரிக்காய் வாங்கி வந்து அடுக்களை மேடையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து, "குழம்பு வைக்கணும்" என்றார். வைத்தேன். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். உப்பு கூடிப்போயிருந்தது. அவர் மறுபடியும் குழம்பு விட்டுக்கொண்டார்.

மறுநாள் அவள் உட்கார்வதற்குள், "இப்ப ஒரே சமையல்தான், எழுதிக்கோ" என்றார்.

"எப்பயிருந்து அண்ணாச்சி?"

"நேத்துலேர்ந்து."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு நாள் வழக்கம் ஆகாது அண்ணாச்சி. இந்தத் தடவையும் ரெண்டுதான்."

பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்காக வெட்கப்பட்டது போய், அவருக்காக வெட்கமாகிவிட்டது. "ஒண்ணுன்னு எழுதிட்டுப் போயேன் பிள்ள. ஒனக்கென்ன நட்டம்?" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

"எழுதிரலாம்க்கா" என்றாள் அவள். "அப்புறம் அடுத்த தடவை வந்து உங்ககிட்ட உண்மையக் கேக்க எனக்கு மூஞ்சி இருக்காதுல்லா."

அதுதான் அவளை நான் கடைசியாகப் பார்த்தது.

மூன்றாவது தடவை ஒரு புது ஆள் வந்தார். அவளை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அவசரக்காரர். வாசலிலேயே நின்று, கருவியைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். "என்னங்க இது? புருஷன் பெஞ்சாதி, ரெண்டு குடும்பம்னு போட்டிருக்கு! முன்னாடி வந்த மேடம் தப்பாப் போட்டுட்டாங்க போல. நான் திருத்திடுதேன்." எதிர்வீட்டு மதினி கேட்டில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். சும்மா நின்றால் போதும், தெருவுக்கு முன்னால் நாங்கள் ஒரு குடும்பமாகிவிடுவோம்.

அவர் முன்னறையிலிருந்து எழுந்து வந்தார். நானும் வந்துவிட்டேன்.

"அந்தப் பிள்ள தப்பாப் போடல" என்றார் என் கணவர். மதினிக்குக் கேட்கும்படிதான் சொன்னார். "ரெண்டாத்தான் இருந்தோம். அது கேட்டுத்தான் எழுதுச்சு. நீங்களும் கேட்டுட்டு எழுதுங்க."

வந்தவர் சங்கடப்பட்டுக்கொண்டு, "சரி, இப்ப ஒண்ணுதானே?" என்றார்.

அப்போது சில ராத்திரிகளில் என் கணவர் வீட்டில் சாப்பிட்டார். சில ராத்திரிகளில் இல்லை. கரண்டு அடுப்பு இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் அதன் மேல் துண்டு இல்லை. அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கெஞ்சவில்லை, நான் சொல்லட்டும் என்று நின்றார்.

மதினி கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "வழக்கமான்னு சொல்ல இன்னும் வரலண்ணே" என்றேன். "ரெண்டுன்னே இருக்கட்டும். அடுத்த தடவை வந்து கேளுங்க."

என் கணவர் அதற்கு ஒன்றும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. "ஆமா, வந்து கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.